டிவிக்கு முதுகு காட்டியவர்கள்

என் ஞாபகத்தில் தப்பு வராது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, என் பிழைப்பே அதுதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பல் செட் செய்யும் லேப் வைத்திருக்கிறேன். டாக்டர்கள் அனுப்புகிற அச்சைப் பார்த்து, இல்லாமல் போன பல்லை இருந்த மாதிரியே செய்து கொடுக்க வேண்டும். எல்லாம் அரிசி அளவு வேலை. ஒரு தடவை பார்த்த வாயை நான் மறந்ததே இல்லை. கடைத்தெருவில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் முதலில் பல்லைத்தான் அடையாளம் கண்டுபிடிப்பேன், அதற்கப்புறம்தான் முகமும் பெயரும்.

வேலையில் மிச்சமாகிற மெழுகையும் அக்ரிலிக்கையும் வைத்துக் குட்டிக் குட்டிக் கடைகளும் வீடுகளும் செய்ய ஆரம்பித்தது கொரோனா காலத்தில். பண்ருட்டி பலாப்பழ மண்டியை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடக்கினேன். லாரி, மூட்டை, பீடி பிடிக்கிற ஆள் எல்லாம் உண்டு. சார்லஸ் அதைப் போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். சார்லஸ் என் வீட்டுக்காரர், வடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். நான் எதைச் செய்தாலும் முதலில் கிண்டலடித்துவிட்டு அப்புறம் ஊரெல்லாம் காட்டுகிறவர்.

அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் வினோதினி போன் செய்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும் அவளும் நானும் ஒரே வகுப்பு. இப்போது சிதம்பரத்தில் ஒரு காலேஜில் பேராசிரியர். சிநேகிதர்களோடு சேர்ந்து ஒரு கண்காட்சி வைக்கிறாளாம். டிவி வந்த காலத்துச் சின்ன வயசு ஞாபகங்கள், எல்லாமே குட்டி உருவத்தில்.

"நீ எங்கூட்டு ஹாலை செய்யணும் எழிலு. நம்ம ஊருக்கே மொத டிவி எங்கூட்டுதுதான? ஊரே வந்து ஒக்காந்து பாக்கும். நீயும் வருவியே, ஞாபகம் இருக்கா? எங்க அப்பாதான் தொறந்து வெக்கிறாரு. அவரு அத தன் கண்ணால பாக்கணும்."

ஞாபகம் இருக்கா என்று என்னைப் பார்த்துக் கேட்கிறாள்!

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரைக்கும் நான் செய்ததெல்லாம் பொழுதுபோக்கு. முதல் தடவையாக என் பெயரைப் போட்டு ஒரு ஹாலில் வைக்கப்போகிறார்கள், நாலு பேர் நின்று பார்க்கப்போகிறார்கள். அதுவும் அந்த வீடு. வேறு எந்த வீடாக இருந்தாலும் யோசித்திருப்பேன். அந்த வீட்டுக்கு உடனே சரி என்றேன். அவள் சொன்னதில் ஒன்று மட்டும் சரியில்லை. நாங்கள் உட்கார்ந்து பார்த்ததில்லை, நின்று பார்த்தோம். போனில் எதற்கு அதைத் திருத்திக்கொண்டு என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் செம்மங்குப்பத்துக்குப் பக்கம். ஊர் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், எங்கள் காலனி அந்தப் பக்கம். வினோதினியின் அப்பா கலியமூர்த்தி ஐயாவுக்கு முந்திரித்தோப்பு இருந்தது. என் அம்மா மங்கலம் அங்கே கொட்டை பொறுக்கப் போவாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம். காலனிப் பிள்ளைகள் நாங்கள் அவர்கள் வீட்டுப் பக்கவாட்டு ஜன்னலில் போய் நின்றுகொள்வோம். அங்கே நில் என்றும் யாரும் சொன்னதில்லை, உள்ளே வா என்றும் சொன்னதில்லை. அது அப்படித்தான் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

உள்ளே விளக்கை அணைத்துவிடுவார்கள். டிவி வெளிச்சம் மட்டும்தான். அந்த வெளிச்சத்தில் அவர்கள் முகங்கள் தெரியும். நாற்காலியில் ஐயா. அவருடைய முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. கீழே பாயில் வினோதினி, அவள் அம்மா, சித்தப்பா குடும்பம். ஐயா வாய்விட்டுச் சிரிப்பார். சிரிக்கும்போது நேராக என்னைத்தான் பார்ப்பார். எல்லாருமே என் பக்கம் பார்த்துத்தான் சிரிப்பார்கள். நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு திருப்பிச் சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்காகவே அந்த வீட்டின் மேல் எனக்கு ஒரு பிரியம். வெளியில் நின்றோம் என்கிற வருத்தம் எனக்குப் பெரிதாக வந்ததே இல்லை என்றால் காரணம் அதுதான். எங்களை உள்ளே கூப்பிடவில்லை, ஆனால் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அதைத்தான் செய்தேன். ஒரு மரப்பெட்டி. முன்பக்கம் முழுக்கச் சுவர், சுவரில் கம்பி போட்ட ஒரு ஜன்னல். குனிந்து அந்த ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும். உள்ளே இருட்டு, பின்னால் டிவி, அதற்கு முன்னால் சிரிக்கிற முகங்கள். டிவிக்குப் பழைய ஸ்மார்ட் வாட்ச் ஒன்றின் திரை. சார்லஸை ஒரு முந்திரி மரத்தைச் சுற்றி ஆடவிட்டு, கறுப்பு வெள்ளையில் படம் பிடித்து அதில் ஓடவிட்டேன். அந்தக் காலத்து டிவி என்றால் நடுநடுவே படம் நின்று ஒரு அட்டை வருமே, அதையும் வைத்தேன். அதிலிருந்த எழுத்து எங்களுக்கு அப்போது புரியாது. இந்தி என்று நினைத்துக்கொள்வோம். புரியாவிட்டாலும் அந்த எழுத்தைக் குச்சியால் மண்ணில் எழுதி விளையாடுவோம். அதனால் மேல் வரியில் இருந்த வார்த்தை இன்னும் கைக்கு ஞாபகம் இருந்தது. அப்படியே எழுதினேன்.

சார்லஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏன் எழிலு, எல்லாரும் டிவிக்கு முதுவக் காட்டிட்டு ஒக்காந்துருக்காங்க? நான் ஆடுறது அவ்ளோ கேவலமாவா இருக்கு?"

"அப்பிடித்தான் ஒக்காந்துருந்தாங்க."

"எங்கூட்ல நாங்க டிவியப் பாத்து ஒக்காருவோம்பா."

"நீங்க வந்து பாத்தீங்களா? நான் பாத்தேன். வேலையப் பாருங்க."

சிதம்பரம் மேல வீதியில் ஒரு மாடி ஹால். திறப்பு விழாவுக்கு முதல் நாள் மதியம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம். மொட்டை மாடி ஆன்டெனாக்கள் ஏகப்பட்டவை வந்திருந்தன. ஒருவர் பஞ்சாயத்து டிவி ரூமைச் செய்திருந்தார், நன்றாகவே இருந்தது. எனக்கு ஒதுக்கியது வாசலுக்கு நேரே, நடு மேஜை. பக்கத்தில் அச்சடித்த ஒரு அட்டை. 'கலியமூர்த்தி இல்லக் கூடம். ஊரே ஒன்றாக உட்கார்ந்து டிவி பார்த்த இடம்.' கீழே சின்ன எழுத்தில் என் பெயர்.

பெட்டியை வைத்து ஸ்விட்சைப் போட்டேன். வினோதினி குனிந்தாள்.

"அய்யோ, அப்பா! அந்தப் பல்லு சந்து! ஏய், அம்மா... அம்மா அப்பிடியே இருக்காங்கடி!" சத்தமாகச் சிரித்தாள். அவள் கண் கலங்கியது. அவள் அம்மா போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாகிறது. எனக்குக் கழுத்து நிமிர்ந்துவிட்டது.

கொஞ்ச நேரம் பார்த்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"எழிலு, டிவி ஏன் எங்க முதுவுக்குப் பின்னாடி இருக்கு?"

பக்கத்தில் தன் ஆன்டெனாவைச் சரிசெய்துகொண்டிருந்த ஸ்ரீதர் என்கிறவரும் வந்து குனிந்தார். "ஆமாங்க மேடம், லாஜிக் இடிக்குதே. பொம்ம எல்லாத்தையும் திருப்பி ஒட்டிட்டீங்களா?" இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"திருப்பியெல்லாம் ஒட்டல. டிவி அங்கதான் இருந்துச்சி," என்றேன். எரிச்சல் வந்துவிட்டது.

"இல்ல எழிலு. நான் அந்த ஊட்டுல பொறந்து வளந்தவ. டிவி ஜன்னலுக்குப் பக்கத்துலயே, ஜன்னல் இருக்குற செவுத்துல இருந்துச்சி. அதனாலதான் நாங்க எல்லாம் ஜன்னல் பக்கமா மொகத்த வெச்சி ஒக்காந்துருப்போம். நீ டிவி வெச்சிருக்கிற எடத்துல அம்மாவோட பீரோ. கதவு முழுக்கக் கண்ணாடி போட்ட பீரோ. டிவில வர்ற அந்த அட்டையில வேற என்னவோ எழுதியிருக்க?"

"அது இந்தி."

"எனக்கு இந்தி தெரியும். அது இந்தி இல்ல."

கண்ணாடி என்று அவள் சொன்னதுமே என் கை பைக்குள் போய்விட்டது. பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடி ஒன்று என் சாமான்களோடு எப்போதும் கிடக்கும். வாட்ச் திரையில் அட்டை வருகிற வரைக்கும் காத்திருந்து, ஜன்னல் கம்பி வழியாக அதை உள்ளே நீட்டிப் பிடித்தேன்.

'தடங்கலுக்கு' என்று தமிழில் தெரிந்தது.

'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையின் முதல் வரி. எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. நாங்கள் டிவியைப் பார்த்ததே இல்லை. இருட்டில் பீரோக் கண்ணாடியில் தெரிந்ததைத்தான் டிவி என்று அத்தனை நாளும் பார்த்திருக்கிறோம். டிவி எங்களுக்குப் பக்கத்திலேயே, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. அந்த முகங்கள் அதைத்தான் பார்த்திருக்கின்றன. என்னை இல்லை.

என் ஞாபகத்தில் தப்பு வராது என்று சொன்னேனே, அதில் இப்போதும் மாற்றமில்லை. பார்த்ததை இம்மி பிசகாமல் வைத்திருக்கிறேன். பார்த்தது என்ன என்பதுதான் தெரியாமல் போயிற்று.

வினோதினிக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது.

"அப்பன்னா நீ... நீ எங்க இருந்து பாத்த?"

"வெளிய. ஜன்னல்ல."

"ஹால்ல இல்ல?"

"ஒங்கூட்டு ஹாலுக்குள்ள நான் காலே வெச்சதில்ல வினோதினி. காலனிப் புள்ளைங்க யாருமே வெச்சதில்ல."

அவள் முகம் மாறியது. பொய் சொல்லி மாட்டிக்கொண்ட முகம் இல்லை அது. அவள் நிஜமாகவே நாங்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக அப்படித்தான் ஞாபகம் வைத்திருந்திருக்கிறாள். அவள் என்னை உள்ளே உட்கார வைத்துக்கொண்டாள், நான் அவர்களை என்னைப் பார்த்துச் சிரிக்க வைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரே வீட்டை வைத்து ஆளுக்கொரு கதை கட்டியிருக்கிறோம்.

மற்றவர்கள் நகர்ந்ததும் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"சின்னப் பசங்க நாம. எனக்கு என்னா தெரியும் எழிலு?"

"தெரியாது, சரி. இப்பத் தெரிஞ்சிருச்சி இல்ல?"

"அப்பாவுக்கு வயசு ஜாஸ்தி ஆயிருச்சி. ஊருக்கே டிவி காட்டுனோம்னு அவருக்கு ஒரு பெருமை. நாளைக்கு எல்லாரும் பாக்க அவர இப்பிடிக் கொண்டாந்து நிக்க வெக்கணுமா? அந்த ஜன்னல் செவுத்த மட்டும் கழட்டிடு. டிவிய இந்தப் பக்கம் மாத்திடு. உள்ள பாயில நாலு புள்ளைங்கள ஒக்கார வெச்சிடு. ஒனக்கு ஒரு மணி நேர வேலதான?"

அது நிஜம். பையில் மெழுகு இருந்தது, கத்தி இருந்தது. எனக்கு அது ஒரு மணி நேர வேலைகூட இல்லை.

"முடியாதுன்னு சொல்லல. செய்ய மாட்டேன்."

"அப்பாவுக்குச் சங்கடமா இருந்தா நான் இத உள் ரூமுக்குத்தான் மாத்தணும், பாத்துக்க. நடு மேஜைல வெக்க முடியாது. நாளைக்கு அவரே பாத்துட்டு சொல்லட்டும்."

"அவரு சொல்லித்தான் நான் பாத்தது நெசமாவணுமா?" மேஜையில் இருந்த அச்சடித்த அட்டையை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன். "இது இருக்கக்கூடாது. பொட்டி இருக்கும், இல்லன்னா கையோட தூக்கிட்டுக் கடலூருக்குப் போயிடுறேன். உள் ரூம்பு கதையெல்லாம் வேணாம்."

அவளிடம் கறாராகப் பேசிவிட்டு மாடிப்படியில் வந்து உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வருகிறது என்று சார்லஸிடம் சொன்னேன். பாதி அதுதான். மீதி அந்தச் சிரிப்புக்காக. காலனியிலிருந்து படித்து, வேலை கற்று, சொந்தமாக லேப் போட்டு, நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவள் நான். சின்ன வயசில் யாரோ என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பதற்காக மாடிப்படியில் உட்கார்ந்து அழுகிறேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிற்கவில்லை.

சார்லஸ் கிண்டலடிக்கவில்லை. "மொகத்தையெல்லாம் எடுத்துடலாமா?" என்று மட்டும் கேட்டார்.

"எதுக்கு? நான் பாத்த மொகம்தான அது? அவுங்க எதப் பாத்து சிரிச்சா என்னா, அத நின்னு பாத்தவ நான்," என்றேன். சொன்ன பிறகுதான் மூச்சு சீரானது.

மறுநாள் காலையில் ஹால் நிறைய ஆட்கள். கலியமூர்த்தி ஐயா ரிப்பன் வெட்டினார். வெள்ளை வேட்டி, கைத்தடி, உடம்பு பாதியாகிவிட்டது. பல் முழுக்கக் கட்டிய பல். அதில் சந்து இல்லை. வினோதினி அவரை முதலில் ஆன்டெனாக்கள் பக்கம் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தாள். அவர் நேராக நடு மேஜைக்கு வந்துவிட்டார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"நீ மங்கலம் பொண்ணுதான?"

"ஆமாங்க ஐயா."

தடியை மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு, முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தார். ஜன்னல் கம்பிக்குக் கண்ணைக் கொண்டுபோக அவருக்குச் சிரமமாக இருந்தது. பின்னால் வரிசை நின்றது. வினோதினி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"டிவி பின்னால இருக்குதே?"

"அது டிவி இல்லைங்க. ஒங்க ஊட்டம்மா பீரோ கண்ணாடி. ஜன்னல்லேருந்து பாத்தா அதுலதான் தெரியும்."

அவர் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் யாரப் பாத்து இப்பிடி சிரிக்கிறேன்?"

"டிவியப் பாத்துதாங்க. நேத்து வரைக்கும் என்னப் பாத்துன்னு நெனச்சிட்டிருந்தேன். நானும் திருப்பி சிரிப்பேன்."

நான் மெதுவாகச் சொல்லவில்லை. வரிசையில் முன்னால் நின்றவர்களுக்கு நன்றாகவே கேட்டது.

"வெளில யாரு நிக்கிறாங்கன்னே எங்களுக்குத் தெரியாதும்மா," என்றார் குனிந்தபடியே. "உள்ள டிவி வெளிச்சம், வெளில இருட்டு. கண்ணு தெரியாது."

"தெரியுமுங்க. காத்து திரும்பி கெமிக்கல் கம்பெனி வாடை வந்துச்சின்னா நீங்கதான் எழுந்து வந்து ஜன்னல சாத்துவீங்க. சாத்துறதுக்கு முன்ன, 'கைய எடுங்க புள்ளைங்களா'ன்னு சொல்லுவீங்க."

அவர் நிமிரப் பார்த்தார், முடியவில்லை. கை கொடுத்தேன். என் கையைப் பிடித்து எழுந்து நின்றவர் அதை விடாமல் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்காச்சும் வெரலு நசுங்குச்சா?"

"எந் தம்பிக்கு நசுங்குச்சிங்க. நகம் விழுந்து மொளச்சிது."

"சத்தமே கேக்கலியே."

"அழுதா நாளைக்கு நிக்க வுட மாட்டீங்கன்னு அவன் வாயப் பொத்திட்டோம்."

வினோதினி முன்னால் வந்து அவர் தோளைத் தொட்டாள். "அப்பா, இத உள் ரூமுக்கு மாத்திடட்டுமா?"

"வேணாம்," என்றார். "இங்கயே இருக்கட்டும். வர்றவங்க குனிஞ்சி பாக்கட்டும்."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியாது. மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டேன். சார்லஸ் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவரை உட்கார வைத்தார்.

வினோதினி கொஞ்ச நேரம் மேஜைக்கு முன்னால் நின்றாள். பிறகு கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. கம்பியில் நெற்றி இடிக்க, இங்கேயும் அங்கேயும் தலையை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"தலைய இன்னுங் கொஞ்சம் சாய்ச்சிக்க," என்றேன். "ஜன்னல்ல முன்னாடி நிக்கிற புள்ள மறைக்கும். அப்பிடித்தான் பாக்கணும்."